சித்தப்பா, அந்த ஓட்ஸை நிறுத்திவிடுங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று மாதச் சர்க்கரை (HbA1c பரிசோதனை) 6.2 வந்தது, டாக்டர் "மாத்திரை இப்போது வேண்டாம், சாப்பாட்டைக் கவனியுங்கள், நன்றாக நடங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்றது, அன்று சாயங்காலமே நீங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் ஓட்ஸ், கினோவா, மல்டிகிரெய்ன் பிஸ்கட் என்று பை நிறைய வாங்கி வந்தது, எல்லாம். இப்போது ராத்திரி ஓட்ஸ் கஞ்சியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு "சும்மா காலாற நடந்துட்டு வாரேன்" என்று சமாதானபுரம் பக்கம் போய் பரோட்டா சாப்பிடுகிறீர்களாம். அதை மட்டும் நான் உங்களிடம் கேட்கக் கூடாது என்று சித்தி சத்தியம் வாங்கினார். நான் கேட்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்கள் வீட்டில் எல்லாம் உங்களைப் போல ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருக்கிறார். சரி, எல்லோரும் சேர்ந்தே படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெயர் போடவில்லை, கவலைப்படாதீர்கள்.

முதலில் அந்த 6.2. இந்தப் பரிசோதனையில் 5.7-க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. இடைப்பட்ட வரப்பில் நீங்கள் நிற்கிறீர்கள். தனியாகவும் நிற்கவில்லை. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி, உங்களைப் போல வரப்பில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி. வரப்பிலிருந்து எந்தப் பக்கமும் இறங்கலாம் என்பதுதான் இதில் நல்ல செய்தி. டாக்டர் மாத்திரை எழுதாமல் மூன்று மாதம் கொடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. அந்தப் பரிசோதனை காட்டுவதே கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியைத்தான். முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

இப்போது நீங்கள் கேட்கும் கேள்வி: "நாப்பது வருசமா இதே சோத்தத்தானட்டி தின்னுட்டு இருக்கேன், அப்பம்லாம் வராத சீனி இப்ப எங்கருந்து வந்திச்சி?"

நியாயமான கேள்வி. சோறு அதேதான், ஆள்தான் மாறிவிட்டார். காலை நாலரைக்கு எழுந்து, நெரிசலான பஸ்ஸில் முன்னும் பின்னுமாக நாள் பூராவும் நடந்து டிக்கெட் கொடுத்த கண்டக்டர் நீங்கள். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இதையே ஆராய்ந்து 1953-இல் எழுதினார். மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது என்று கண்டார். உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முதல் பெரிய ஆய்வுகளில் அதுவும் ஒன்று. நீங்கள் ரிட்டயர்டு ஆன அன்றே கண்டக்டர் சீட்டிலிருந்து டிரைவர் சீட்டுக்கு மாறிவிட்டீர்கள், ஆனால் தட்டில் மட்டும் பழைய டூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அறுபதுக்கு மேல் தசையும் குறையும். சாப்பிட்ட மாவுச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கே தசைதான், அதனால் மிஞ்சுவது ரத்தத்திலேயே சுற்றுகிறது.

எனவே குற்றவாளி நம்மூர்ச் சாப்பாடு இல்லை. ஓட்ஸும் கெட்டது இல்லை. பிடித்துச் சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் பிடிக்காததைக் குடித்துவிட்டு அதற்கு ஈடாகப் பரோட்டா தின்பது எந்தக் கணக்கிலும் வராது. கினோவாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதன் விலையைக் கேட்டுச் சித்தி ஏற்கெனவே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

2024 மே மாதம் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அவர்கள் போட்ட தட்டு இது: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்துச் சமைக்காத அளவில் 250 கிராம். கீரையோடு சேர்த்துக் காய்கறி 400 கிராம். பழம் 100 கிராம். பருப்பு, முட்டை, மீன், கறி வகை 85 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. எண்ணெய் 27 கிராம். கொஞ்சம் கொட்டை வகைகள்.

அந்தக் கால் கிலோவில் காலை இட்லி மாவில் போன அரிசியும் அடக்கம், ராத்திரி தோசையும் அடக்கம். நம் வீட்டில் காலை இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. பெயர்தான் மூன்று, மூன்று வேளையும் அரிசிதான். தட்டில் மலை போலச் சோறு, அதன் ஓரத்தில் ஒரு கரண்டி சீனியவரைக்காய்ப் பொரியல். அதுவும் சோறு இறங்குவதற்குத் துணையாக. இதைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. வெஞ்சனத்தை நிறையச் சாப்பிடுங்கள், சோற்றைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கிண்ணம் பொரியல், ஒரு கிண்ணம் கூட்டு, ஒரு முட்டையோ இரண்டு துண்டு மீனோ, அப்புறம் ஒரு கப் சோறு. சாளை மீன் குழம்பு வைத்த அன்று மீனைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குக் கடைசியில் போனால் சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கிழங்கு வகையை மட்டும் காய்க் கணக்கில் எழுதாதீர்கள். உங்களுக்கு உருளைக்கிழங்கு பொடிமாஸும் சேனை வறுவலும்தான் காய்கறி என்பது குடும்பத்துக்கே தெரியும்.

ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று முடிவெடுத்து நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா என்று சாப்பிடுகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. இரண்டு சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்து கிட்டத்தட்ட ஒரு கப் சோற்றுக்குச் சமம். நாலு தின்றால் இரண்டு கப். சப்பாத்தி பிடித்தால் இரண்டோடு நிறுத்தி, பாசிப்பயறு கடைசலோ கீரையோ தட்டு நிறைய வைத்துக்கொள்ளலாம். கேழ்வரகும் அப்படித்தான். கால்சியம் ஏராளம், நல்ல தானியம். ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி மடமடவென்று குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். சிறுதானியம் என்ற பெயரே மருந்தாகிவிடாது.

இனி உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். உளுந்தஞ்சோறு.

ஓட்ஸ், புரோட்டீன் பவுடர் என்று ஊரே அலைகிறது. நம் திருநெல்வேலிக்காரர்கள் சோற்றுக்குள்ளேயே பருப்பைப் போட்டு எப்போதோ கணக்கை முடித்துவிட்டார்கள். 100 கிராம் அரிசியில் புரதம் ஏழு, எட்டு கிராம். உளுந்தில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தொலியோடு இருப்பதால் நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது. சித்தி ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு தொலி உளுந்து போடுவார். இனி அதைச் சரிக்குச் சரியாக்கச் சொல்லுங்கள். நான் இங்கே சென்னையில் அப்படித்தான் செய்கிறேன். உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, புழுங்கலரிசியோடு சேர்த்துக் களைந்து, வெந்தயம் ஒரு சிட்டிகை, சீரகம், ஒரு முழுப் பூண்டை உரித்துப் போட்டு, மொத்த அளவுக்கு மூன்று பங்கு தண்ணீர். குக்கரைத் திறந்ததும் கையளவு தேங்காய்ப்பூ. உளுந்து கூடினால் சோறு கொஞ்சம் குழையும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். உதிரியாக வேண்டும் என்று தண்ணீரைக் குறைத்தீர்களானால் தொண்டையில் நிற்கும். எள்ளுத் துவையலும் கத்தரிக்காய், முருங்கைக்காய் போட்ட அவியலும் கூட இருந்தால், ஒரு கப்புக்கு மேல் உங்களாலேயே சாப்பிட முடியாது. இந்தச் சோறு வயிற்றில் கெட்டியாக நிற்கும். ஒன்பது மணிக்குக் காலாற நடக்கவும் தோன்றாது.

கூட்டாஞ்சோறும் இதே ரகம். ஒரு பங்கு அரிசி, அரைப் பங்குக்குமேல் துவரம்பருப்பு, மூன்று பங்கு காய், கடைசியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. கல்யாண வீட்டில் அரிசிக்குள் காயைத் தேட வேண்டியிருக்கும். வீட்டில் காய்க்குள் அரிசியைத் தேடும்படி செய்யலாம். காலைக்கு அடை, பாசிப்பயறு தோசை. மாவில் பாதிக்குமேல் பருப்பாக இருந்தால் இரண்டிலேயே பசி அடங்கும். வத்தலும் அப்பளமும் ஊறுகாயும் மட்டும் தினம் வேண்டாம். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பெரும்பகுதியை நாம் ஊறுகாயிலும் குழம்பிலும் காலையிலேயே முடித்துவிடுகிறோம்.

இனிமேல் எழுதப்போவது உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

ஆளுக்கு 400 கிராம் காய்கறி என்றால், உங்கள் இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 800 கிராம். நறுக்குவது யார்? உடம்புக்கு நல்லது என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் அரிவாள்மனையில் வந்து நிற்கிறது, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது சித்தி. இந்த ஒரு மாதமாக அவர் உங்களுக்கு ஒரு அடுப்பு, தனக்கும் பேரனுக்கும் ஒரு அடுப்பு என்று இரண்டு சமையல் செய்கிறார். முட்டி வலியோடு. பத்திரிகைகளில் வரும் "நலமான உணவு" கட்டுரை எதிலும் இந்தப் பகுதி இருக்காது. எழுதுகிறவர்களுக்கு நறுக்கித் தர வேறு யாரோ இருக்கிறார்கள் போலிருக்கிறது. பொரியல் ஒரு கரண்டியாகச் சுருங்கியதற்குக் காரணம் ருசி மட்டுமில்லை. ஒரு கை அரிசி போட்டால் குக்கர் பார்த்துக்கொள்கிறது, ஒரு கட்டு அகத்திக்கீரையை ஆய அரை மணி நேரம் ஆகிறது.

உங்களுக்கு இப்போது டூட்டி இல்லை. காலையில் மகாராஜ நகர் உழவர் சந்தைக்கு நடந்து போங்கள், நடையும் ஆயிற்று. கீரை, அவரை, புடலை, சுரைக்காய், பாகற்காய் என்று மூன்று நாளைக்கு வாங்கி வாருங்கள். பேப்பர் படிக்கும் நேரத்தில் கீரையை ஆய்ந்துவிடலாம், டிவி பார்த்துக்கொண்டே அவரைக்காயின் நாரை உரிக்கலாம். ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் கொண்டைக்கடலையையோ தட்டைப்பயறையோ ஊறப்போடுவது உங்கள் பொறுப்பு. மறுநாள் நாலு மணிக்குச் சுண்டல் தயாராக இருந்தால் பஜ்ஜிக் கடைப் பக்கம் கால் தானாகப் போகாது. நோட்டும் சில்லறையும் எண்ணியே பழகிய விரல் உங்களுக்கு, பீன்ஸ் நறுக்க வராதா?

அப்புறம் எண்ணெய். மரச்செக்கு எண்ணெய் என்று தேடித் தேடி வாங்குகிறீர்கள். நல்லது, வாசமாக இருக்கும். ஆனால் செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 27 கிராம் என்றால் இரண்டு பேருக்கு மாதம் சுமார் ஒன்றேமுக்கால் லிட்டர். நல்லெண்ணெய், கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய், எல்லாம் சேர்த்துத்தான். இந்த மாத மளிகைச் சீட்டை எடுத்து ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். கருப்பட்டி விஷயமும் இதேதான். உடன்குடிக் கருப்பட்டிக்கு நானும் அடிமை. ஆனால் அதில் பெரும்பகுதி இருப்பது சர்க்கரையே. "சீனியத்தான விட்டுட்டேன்" என்று நாலு வேளை கருப்பட்டிக் காப்பி குடித்தால் ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. மல்டிகிரெய்ன் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் மைதாவாக இருந்தால், அட்டையில் எத்தனை கதிர் வரைந்திருந்தாலும் அது மைதா பிஸ்கட்.

ஹோட்டலை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். நாகர்கோவிலிலிருந்து மதுரை வரை எந்த ஊரில் எந்தக் கடையில் எந்த நேரத்தில் எது சூடாகக் கிடைக்கும் என்று விரல்நுனியில் வைத்திருக்கும் மனிதரை, இனி வெளியே சாப்பிடாதே என்றால் அது தண்டனை. ஆனால் டூட்டியில் இருந்தபோது ஹோட்டல் உங்களுக்கு வேறு வழியில்லாத சாப்பாடு, இப்போது அது ஆசைக்குச் சாப்பிடுவது. ஆசைக்கு வாரம் ஒருநாள் போதும். அதையும் பசியை அடக்கிவைத்து ராத்திரி பத்து மணிக்குப் போகாமல், மத்தியானமோ சாயங்காலம் ஏழு மணிக்குள்ளோ போங்கள். சாப்பிட்டதும் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அதுவே நல்ல மருந்து. நீங்கள் சொல்லும் அந்தக் காலாற நடப்பதை, சாப்பிடப் போவதற்கு வைத்துக்கொள்ளாமல் சாப்பிட்டு முடித்ததற்கு வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மீல்ஸ் கடையில் இரண்டாவது தடவை சோறு வரும்போது இலையின் மேல் கையை வைத்துவிட்டு, கூட்டும் பொரியலும் கேளுங்கள். நம்மூர்ப் பரிமாறுகிறவர்கள் பொரியல் கேட்டால் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். டிபன் என்றால் இட்லி, இடியாப்பம். ரோஸ்ட்டின் பொன்னிறம் எதிலிருந்து வருகிறது என்பது தெரிந்ததே. சால்னாவில் மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்து ஊற்றச் சொல்லலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பஜ்ஜி, வடைக் கடையில் சட்டியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் அடுத்த கடை. பலமுறை காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதி வைத்திருக்கிறது. நமக்குக் கருவி வேண்டாம், கண்ணும் மூக்கும் போதும்.

பரோட்டா. மைதாவை எண்ணெயில் ஊறவைத்து, வீசி, சுருட்டி, மறுபடியும் எண்ணெயில் போடுவது. நீங்கள் மூன்றோடு நிறுத்தியதாக வரலாறே இல்லை. முதலில் ஒரு ஆஃப்பாயிலும் ஒரு தட்டு நாட்டுக்கோழியும் வாங்கிச் சாப்பிடுங்கள், வெங்காயம் நிறையக் கேளுங்கள், அப்புறம் பரோட்டாவைத் தொடுங்கள். கொத்து பரோட்டா என்று மட்டும் சொல்லாதீர்கள். அதில் எத்தனை பரோட்டா விழுந்தது என்று கொத்துகிறவருக்கே தெரியாது.

அல்வாவைப் பற்றி எழுதாவிட்டால் சித்தப்பா கோபிப்பார். கோதுமைப் பால், சீனி, நெய். மூன்றில் எதுவும் உங்கள் டாக்டருக்குப் பிடித்ததில்லை. ஆனாலும் ரதவீதிப் பக்கம் போய்விட்டு அல்வா சாப்பிடாமல் திரும்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாதத்தில் ஒருநாள், சூடாக, இலைத் துண்டில் 50 கிராம், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். கால் கிலோவைப் பார்சல் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு விரல் எடுக்கிற கதைதான் கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சித்தப்பாவைப் பார்த்துச் சோற்றைச் சட்டென்று பாதியாக்காதீர்கள். சில மருந்துகளோடு அப்படிச் செய்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். டாக்டரிடம் சொல்லி, மருந்தின் அளவையும் சரிசெய்துகொண்டு குறையுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் பருப்பைக் கூட்டும் முன்னும் கேட்க வேண்டும்.

மிச்சமிருக்கும் ஓட்ஸை வீணாக்க வேண்டாம், சித்தி அடை மாவில் ஒரு கை சேர்த்துவிடுவார். கினோவா பாக்கெட்டைப் பிரிக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். 6-க்குக் கீழே வந்திருந்தால் அடுத்த லீவில் செங்கோட்டை பார்டர் பரோட்டாக் கடைக்கு நான் கூட்டிப் போகிறேன், பில்லும் என்னுடையது. சித்தியும் வருகிறார், எண்ணுவதற்கு.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்